தாம்பரம் தடமும் கைபேசித் திரையும்

புதிய ஸ்மார்ட்போன் ஒன்று சந்தைக்கு வந்தால் அதைப் பற்றிய பேச்சு கேமரா, திரை, வேகம் ஆகிய மூன்றோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ பெருங்களத்தூரிலோ குடியிருப்பவர் அந்தக் கைபேசியை வாங்கியபின் அதனிடம் கேட்கும் வேலைகள் வேறு. மின்ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது, டீக்கடையில் பத்து ரூபாய் கொடுப்பது, கேஸ் பதிவு செய்வது, மழை கொட்டும்போது முடிச்சூர் சாலையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது, ராத்திரி வேலை முடிந்து வரும் மகளிடம் எங்கே வருகிறாள் என்று கேட்பது. இவற்றில் எதுவும் கைபேசிக்காகப் பிறந்த வேலை இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்பு தனியாக ஓர் ஏற்பாடு இருந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் வந்து சேர்ந்தன. இந்தக் கட்டுரையின் வாதம் அந்த வரலாற்றிலிருந்து பிறப்பது: கைபேசியின் பெரிய பலமும் பெரிய பலவீனமும் ஒரே காரணத்தால் வருகின்றன. தனித்தனியாக இருந்தவரை அந்த ஏற்பாடுகள் தனித்தனியாகப் பழுதாயின. ஒரே கருவிக்குள் வந்தபிறகு சேர்ந்து பழுதாகின்றன. சென்னையின் தென்புறநகர் இதை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் சோதித்துப் பார்த்திருக்கிறது.

ரயில் டிக்கெட்டிலிருந்து தொடங்குவது நியாயம், ஏனென்றால் இந்தப் பகுதி ஊராக வளர்ந்ததே ரயிலால்தான். 1931 ஏப்ரல் 2 அன்று சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தென்னிந்திய ரயில்வேயின் மின்ரயில் தொடக்கவிழா கண்டது. அடுத்த மாதம் பயணிகளுக்கான ஓட்டம் ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரத்தால் ஓடிய புறநகர் ரயில் இந்தியாவில் அதுவே முதல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1928-இல், டாக்டர் சௌரி முத்து தாம்பரத்துக்கு அருகே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார்; இன்றும் அந்த ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்றே பெயர். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. நோயாளியைப் பார்க்கப் போனவரும், கல்லூரி மாணவரும், குரோம்பேட்டைத் தோல் ஆலைத் தொழிலாளியும், பாரிமுனை அலுவலகத்து எழுத்தரும் ஒரே தடத்தில் ஏறி இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது கெட்டியான சிறு அட்டை. இங்கிலாந்தில் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த வடிவம் அது. வரிசை எண் அச்சிட்ட அட்டை, தேதியைப் பதிக்க ஒரு சிறு இயந்திரம், இவ்வளவுதான். உலகம் முழுக்க நூறாண்டுக்கு மேல் ஓடிய இந்த ஏற்பாட்டின் சிறப்பு, பயணி எதையும் பராமரிக்க வேண்டியதில்லை என்பது. அட்டையைத் தொலைக்காமல் இருந்தால் போதும். அச்சகம், எண் கணக்கு, தேதி இயந்திரம், கவுன்ட்டர், அதில் உட்காரும் ஊழியர் என்று மற்ற எல்லாச் சுமையும் ரயில்வேயுடையது. சட்டைப் பையில் நனைந்தாலும் அட்டை செல்லும். மின்சாரம் போனாலும் அதில் இருக்கும் எழுத்து அழியாது.

அதே தடத்தில்தான் 2015 ஏப்ரல் 22 அன்று காகிதமில்லாத பயணச்சீட்டு அறிமுகமானது. அன்றைய ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபு தொடங்கிவைத்த இந்த வசதிக்கு எழும்பூர்–தாம்பரம் பிரிவே முதல் களம். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு மும்பையில் முன்பதிவில்லா டிக்கெட்டுக்கான யூ.டி.எஸ். செயலி வந்திருந்தது, ஆனால் அங்கே கைபேசியில் பணம் கட்டியபின் நிலையத்து இயந்திரத்தில் டிக்கெட்டை அச்சிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தாம்பரம் பயணிக்குத்தான் கைபேசித் திரையே டிக்கெட் ஆனது. இது சிறிய மாற்றமாகத் தெரியும். டிக்கெட் எது என்ற வரையறையே இதில் மாறிவிட்டது. அட்டை காலத்தில் டிக்கெட் ஒரு பொருள். இப்போது அது ஒரு கருவியின் ஒரு கணத்து நிலை. கருவி உயிரோடு இருக்க வேண்டும், செயலி திறக்க வேண்டும், அதே கைபேசியாக இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது, இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. மோசடியைத் தடுக்க இந்த விதிகள் தேவை என்பதை மறுக்க முடியாது. ஒரே டிக்கெட் படத்தை வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டு ஏறினால் ரயில்வே என்ன செய்யும்?

இந்த ஏற்பாட்டில் ஆராயத்தக்க பகுதி அதன் புவிவேலி. ரயிலில் ஏறியபின், பரிசோதகர் தூரத்தில் வருவதைப் பார்த்து அவசரமாக டிக்கெட் எடுப்பவரைத் தடுப்பதற்காக, தண்டவாளத்துக்கு மிக அருகே நின்றுகொண்டு டிக்கெட் எடுக்க முடியாதபடி செயலி அமைக்கப்பட்டது. நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். சொல்லும். இங்கேதான் கைபேசியின் தரம் முதல்முறையாக ஒரு சாதாரணப் பயணியின் அன்றாடத்தைத் தீர்மானித்தது. திறந்த வானத்தின் கீழ் நல்ல கைபேசி சில மீட்டர் பிசகில் இடம் காட்டும். கட்டடங்களுக்கு நடுவே, நடைமேம்பாலத்துக்குக் கீழே, செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது அந்தப் பிசகு பல மடங்காகும். நம் புறநகர் நிலையங்களைப் பாருங்கள்: ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோ கடைத்தெருவோ, மறுபக்கம் நடைமேடை, இரண்டுக்கும் இடையே சில அடிகள். சாலையில் நிற்பவரை நடைமேடையில் நிற்பவராகவும், நடைமேடையில் நிற்பவரைச் சாலையில் நிற்பவராகவும் மலிவான கைபேசி காட்டக்கூடும். நேர்மையான பயணிக்கு டிக்கெட் மறுக்கப்படுவது பிசகின் ஒரு விளைவு. பின்னர் நிலையச் சுவர்களில் கியூ.ஆர். குறிகளை ஒட்டி, அதை ஸ்கேன் செய்தால் நிலையத்துக்குள்ளேயே டிக்கெட் எடுக்கலாம் என்று வழி திறந்தார்கள். எவ்வளவு தொலைவிலிருந்து டிக்கெட் எடுக்கலாம் என்ற வெளி எல்லையை 2022-இல் தளர்த்தி, 2024-இல் நீக்கியே விட்டார்கள். தண்டவாளத்துக்கு அருகே எடுக்கக் கூடாது என்ற உள் எல்லை மட்டும் நீடித்தது. ஒன்பது ஆண்டுகள் விதியைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள் என்பது, கைபேசி விளம்பரத்தில் கடைசி வரியாகக்கூட வராத ஓர் உறுப்பு எவ்வளவு பேருடைய காலைநேரத்தை ஆட்டிவைத்தது என்பதற்குச் சான்று.

அதைவிடக் கனமானது பேட்டரி பற்றிய விதி. கைபேசியில் டிக்கெட்டைக் காட்ட முடியாதவர் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவராகவே கருதப்படுவார் என்பது செயலியின் நிபந்தனை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அதற்குக் குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய். புறநகர் ரயிலின் சாதாரணக் கட்டணம் ஐந்து, பத்து ரூபாய். பணம் கட்டியவர்தான், ரயில்வேயின் கணினியில் அவர் பெயரில் பதிவு இருக்கிறது, ஆனாலும் அவர் கையிலுள்ள கருவி அணைந்துவிட்டதால் குற்றவாளி. அட்டை காலத்தில் ரயில்வே சுமந்த பராமரிப்பு முழுதும் பயணியின் தலைக்கு மாறியதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சார்ஜ், டேட்டா, செயலியின் புதிய பதிப்பு, கண்ணாடி உடையாமை, எல்லாம் அவர் பொறுப்பு. மழைத்தூறலில் இது இன்னும் கடினமாகும். இன்றைய தொடுதிரைகள் விரல் தொடும் இடத்தில் ஏற்படும் மின்னேற்ற மாற்றத்தை உணர்ந்து வேலை செய்பவை. நீர்த்துளியும் அதே மாற்றத்தை உண்டாக்கும். கூரையில்லாத நடைமேடையில், நனைந்த விரலோடு, கடவுச்சொல்லைத் தட்டித் தட்டித் தோற்பவரைக் கைபேசிக் கடைக்காரரின் விலைப்பட்டியல் கணக்கில் கொள்வதில்லை.

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு, அது வலுவானது. பழைய ஏற்பாட்டில் மாலை ஆறு மணிக்கு மாம்பலத்திலோ கிண்டியிலோ கவுன்ட்டர் வரிசையில் நின்றவர்கள் இழந்த ரயில்களுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? சில்லறை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? இயந்திரத்தில் எடுக்கலாம் என்றால் பாதி இயந்திரங்கள் தூங்கும். இந்தக் கேள்விகள் நியாயமானவை. வரிசையை ஒழித்தது கைபேசியின் உண்மையான வெற்றி. அது சிறிய வெற்றியும் இல்லை. தினமும் இரண்டு முறை பயணம் செய்பவருக்கு அது ஆண்டுக்குப் பல நாள்களைத் திருப்பிக் கொடுக்கிறது. நான் சொல்வது வேறு. வரிசை ஒழிந்த மகிழ்ச்சியில், கவுன்ட்டரையும் குறைத்துவிடலாம் என்ற முடிவுக்கு நிர்வாகம் போவதற்கு அந்த வெற்றி சான்று ஆகாது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு வரிசை எக்காலத்திலும் பெரிய துன்பமாக இருந்ததில்லை. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை நின்றால் போதும், பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிளாஸ்டிக் உறைக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

டிக்கெட்டை விட்டுப் பேச்சுக்கு வருவோம். கைபேசி பிறந்தது அதற்காகத்தான். சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-இல் வந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும் அது வசதியுள்ளவர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1991-இல் இந்தியா முழுமைக்கும் சுமார் 50 லட்சம் இணைப்புகளே இருந்தன. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வழக்கம். ஆனால் அந்தப் பழைய கறுப்புப் பெட்டிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. வீட்டு மின்சாரத்தை அது நம்பவில்லை. தொலைபேசி நிலையத்தில் உள்ள பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் செப்புக்கம்பி வழியே வந்து அதை இயக்கியது. தெருவே இருண்டு கிடந்தாலும் எடுத்தால் டயல் டோன் கேட்கும். மழை பெய்தால் பூமிக்கடியில் கேபிள் இணைப்பில் தண்ணீர் புகுந்து ஒரு தெருவின் போன்கள் எல்லாம் 'டெட்' ஆவதும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். அப்படிப் பழுதானால் அது ஒரு தெருவோடு நின்றது, அடுத்த தெருவில் மஞ்சள் பெயர்ப்பலகை போட்ட எஸ்.டி.டி. கடை இயங்கியது.

1995-இல் செல்போன் சேவை இந்தியாவுக்கு வந்தபோது, சென்னையில் உரிமம் பெற்றவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரு நிறுவனங்கள். நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். அழைத்தவரும் கட்ட வேண்டும், அழைக்கப்பட்டவரும் கட்ட வேண்டும். உள்வரும் அழைப்பு இலவசமானது 2003-இல். அதே ஆண்டு வந்த நோக்கியா 1100 தென்புறநகர்ப் பகுதிகளுக்காகவே எண்ணிச் செய்ததுபோல் இருந்தது: தூசி புகாத விசைப்பலகை, ஈரக்கையில் நழுவாத பக்கங்கள், மின்வெட்டில் உதவ உச்சியில் ஒரு டார்ச், நாள்கணக்கில் நிற்கும் பேட்டரி. உலகில் மிக அதிகமாக விற்ற கைபேசிகளில் அது ஒன்று. எந்த நாட்டில், எந்தத் தட்பவெப்பத்தில் பயன்படுத்தப் போகிறார்கள் என்று யோசித்து வடிவமைக்கப்பட்ட கடைசிக் கைபேசிகளில் ஒன்று என்றும் அதைச் சொல்வேன். இது என் கருத்து, மறுப்பவர்கள் இருக்கலாம். அழைத்துவிட்டு எடுக்கும் முன்பே துண்டிக்கும் 'மிஸ்டு கால்' பழக்கம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. கீழே வந்துவிட்டேன், ரயில் ஏறிவிட்டேன், பால் வாங்கி வா என்று வீட்டுக்கு வீடு வெவ்வேறு பொருள் வைத்துக்கொண்டார்கள். காசில்லாமல் செய்தி சொல்ல ஏழைக் குடும்பங்கள் கண்டுபிடித்த அந்த வழிக்கு எந்த நிறுவனமும் உரிமை கொண்டாட முடியாது.

ஸ்மார்ட்போன் யுகத்தின் முதல் பெரிய சோதனை, காகிதமில்லாத டிக்கெட் வந்த அதே 2015-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நவம்பர் முழுதும் பெய்த மழையில் ஏரிகள் முன்பே நிரம்பியிருந்தன. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீரோடு அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. விமான நிலையம் மூடப்பட்டது. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாததால், 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. மின்கசிவால் உயிர்போகும் என்று மின்சாரத்தை நிறுத்தினார்கள். அதன்பின் என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். வீட்டில் மின்சாரம் இல்லை, ஆகவே கைபேசியை சார்ஜ் செய்ய வழியில்லை. செல்போன் கோபுரங்களுக்கும் மின்சாரம் இல்லை. அவற்றின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும், டீசல் கொண்டுபோகும் வண்டிக்குச் சாலை இல்லை. பக்கத்துக் கோபுரம் அணைந்ததும் கைபேசி தொலைவில் உள்ள இன்னொரு கோபுரத்தைத் தேடும். எட்டாத கோபுரத்தை எட்டுவதற்குத் தன் அலைபரப்பின் ஆற்றலை உயர்த்தும். அதனால் பேட்டரி இன்னும் வேகமாகத் தீரும். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைபேசி தன்னைத்தானே வேகமாகத் தின்றுகொள்கிறது என்பது அதன் பொறியியலில் உள்ள இயல்பு, உற்பத்திக் குறை இல்லை. தனியார் சேவைகள் பல இடங்களில் அடங்கிப்போன அந்த நாள்களில், பி.எஸ்.என்.எல். ஓரளவு தாக்குப்பிடித்தது, ஒரு வாரத்துக்கு அழைப்புகளை இலவசமும் ஆக்கியது. எல்லோரும் கிண்டல் செய்த அரசுத் தொலைபேசியைத் தேடிப்போய்ப் பேசிய வாரம் அது.

அதே வெள்ளத்தைக் காட்டித்தான் எதிர்வாதமும் வரும். சமூக ஊடகங்கள் இல்லாவிட்டால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? முகநூலிலும் ட்விட்டரிலும் முகவரியோடு உதவி கேட்டார்கள். படகு யாரிடம் இருக்கிறது, சாப்பாடு எங்கே கிடைக்கும், எந்தச் சாலை மூழ்கியிருக்கிறது என்று தன்னார்வலர்கள் பட்டியலிட்டார்கள். மூழ்கிய தெருக்களை மக்களே குறித்த இணைய வரைபடம் ஒன்றும் உருவானது. உண்மைதான், அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்தப் பதிவுகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். அவற்றில் பெரும்பகுதி வெள்ளத்துக்கு வெளியே இருந்தவர்கள், வெள்ளத்துக்குள் இருந்தவர்களுக்காக எழுதியவை. பெங்களூரில் இருக்கும் மகன், அமெரிக்காவில் இருக்கும் மகள், முடிச்சூரில் மாடியில் நிற்கும் அம்மாவோடு தொடர்பு அறுந்துபோனதால் எழுதியவை. அம்மாவின் கைபேசி வேலை செய்திருந்தால் அந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. மின்சாரமும் கோபுரமும் இருக்கும் இடத்தில் ஸ்மார்ட்போன் அற்புதமான கருவி என்பதை 2015 காட்டியது. அவை இல்லாத இடத்தில் அது வெறும் கண்ணாடிப் பலகை என்பதையும் அதே வாரம் காட்டியது. முதல் பாடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டிலும் இதே கதை, இம்முறை பணத்தில். 2016 ஏப்ரலில் யூ.பி.ஐ. அறிமுகமானது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின; ரொக்கத்தை விட்டுக் கைபேசிக்கு மாறுங்கள் என்று அரசே சொன்னது. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகக் கழித்து, டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னையைக் கடந்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. தாம்பரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று தெருவுக்குத் தெரு மின்கம்பங்கள் சாய்ந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஏ.டி.எம். இயங்கவில்லை, அட்டை தேய்க்கும் இயந்திரம் இயங்கவில்லை, சிக்னல் இல்லை, வீட்டில் ரொக்கமும் இல்லை. வேறெந்த ஆண்டில் அந்தப் புயல் வந்திருந்தாலும் அலமாரியில் நான்கு நூறு ரூபாய்த் தாள்கள் இருந்திருக்கும். அப்போது கைகொடுத்தது பால்காரரும் மளிகைக்கடை அண்ணாச்சியும் எழுதிவைத்த கடன் நோட்டு. அந்த நோட்டுக்கு சர்வர் கிடையாது. இன்று அந்த அண்ணாச்சியும் யூ.பி.ஐ. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிபெருக்கிப் பெட்டி வைத்துவிட்டார்; 2025 மார்ச் 26 அன்று நாடு முழுவதும் யூ.பி.ஐ. தடுமாறியபோது, தாம்பரத்தில் சொட்டு மழைகூட இல்லாமலேயே கடைகளில் இதே நிலை வந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

2020-இன் பொதுமுடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு ஒரு நல்ல முடிவு எடுத்தது, அதிகம் பாராட்டப்படாதது. வீட்டில் ஒரே கைபேசி, அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார் என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்காகப் பாடங்களைக் கல்வித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. கைபேசி இருக்கும்போதே அதற்கு இணையாக இன்னொரு வழியையும் திறந்துவைத்த அரிதான சமயம் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது அப்படி இரண்டாவது வழி எதுவும் இல்லை. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் எல்லாம் மறுபடியும் மூழ்கின. மறுபடியும் மின்சாரம் நின்றது, கோபுரங்கள் அணைந்தன, மொட்டை மாடிக்குப் போய்க் கைபேசியை உயர்த்திப் பிடித்துச் சிக்னல் தேடினார்கள். எட்டு ஆண்டுகளில் கைபேசிகள் எவ்வளவோ மாறிவிட்டன; காட்சி மட்டும் மாறவில்லை.

இப்போதைய கைபேசிகள் அப்படியில்லையே என்று கேட்கலாம். 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரி நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது, அரைமணி நேரத்தில் பாதிக்கு மேல் சார்ஜ் ஏறுகிறது, ஐ.பி.68 என்று தண்ணீரைத் தாங்கும் தரச்சான்றும் இருக்கிறது. மூன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும். பெரிய பேட்டரி உண்மையான முன்னேற்றம், அதில் ஐயமில்லை. விரைவு சார்ஜ் என்பது சுவரில் மின்சாரம் இருக்கும்வரைதான் பலம். மின்சாரம் இல்லாத மூன்றாம் நாளில் அதற்குப் பயனில்லை. ஐ.பி. சான்று ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில், குறித்த ஆழத்தில், குறித்த நேரத்துக்குத் தரப்படுவது. சாக்கடை கலந்த வெள்ளத்துக்கு அது பொருந்தாது, தண்ணீரால் ஏற்படும் பழுதைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்தில் சேர்ப்பதும் இல்லை. லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை. மீனம்பாக்கத்தில் 40 டிகிரி தாண்டும் மே மாதங்களைக் கடந்த ஒரு கைபேசி, வாங்கிய நாளில் காட்டிய திறனை இரண்டாம் ஆண்டில் காட்டாது. முன்பு பின்மூடியைக் கழற்றிப் புதிய பேட்டரியைப் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் புகாமல் ஒட்டி அடைத்ததன் விலையாக அந்த வசதி போனது. எல்லாவற்றுக்கும் மேல், கோபுரம் அணைந்தபின் கையில் நூறு சதவீதம் சார்ஜ் இருந்தும் பேச முடியாது. கைபேசி நிறுவனம் தன் பங்கை எவ்வளவு திருத்தினாலும், மறுபாதி கைபேசிக்கு வெளியே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைபேசியை உலகுக்குச் செய்துகொடுக்கும் ஊர்களும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. இன்று அதை மெப்ஸ் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தன் ஆலையைத் தொடங்கியது; வரி வழக்கில் சிக்கி, கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது அந்த ஆலை மட்டும் கைவிடப்பட்டு, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், வேலையிழந்தார்கள். பிறகு ஃபாக்ஸ்கான் அதே வட்டாரத்தில் ஐபோன்களைப் பூட்டத் தொடங்கியது. 2022-இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகாட்ரான் வந்தது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு ரயிலில் பரனூரில் இறங்கினால் அந்த வளாகம். நீர் தேங்கும் இந்த வட்டாரத்தில் பூட்டப்படும் கைபேசியின் வடிவத்தை முடிவு செய்பவர்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். அங்கே டிசம்பரில் முடிச்சூர் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

கைபேசியைத் துறந்து அட்டை டிக்கெட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. ஒரு பெண் இரவு பதினொரு மணிக்குச் சானடோரியத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவள் கையில் கைபேசி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பழைய ஏற்பாடும் ஈடுகட்டாது. கைபேசி அணைந்தபோது அடுத்த வழிக்கு யார் பொறுப்பேற்பது என்பதுதான் கேள்வி. வாங்குபவருக்கு ஒரே ஒரு யோசனை சொல்லலாம்: கேமரா எண்ணிக்கையை விட, இரண்டாண்டு கழித்துப் பேட்டரியை மாற்ற என்ன செலவாகும், தாம்பரத்திலேயே மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அலமாரியில் இரண்டு நாளைக்கான ரொக்கம் வையுங்கள். மற்றவை நம் கையில் இல்லை. பணம் கட்டிய பயணியின் கைபேசி அணைந்துபோனால், கைபேசி எண்ணைக் கொண்டு பரிசோதகரே தன் கருவியில் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொள்ள ரயில்வே விதி செய்ய வேண்டும். கடற்கரை முதல் செங்கல்பட்டு வரை ஒவ்வொரு நிலையத்திலும் ஊழியர் உட்கார்ந்திருக்கும் கவுன்ட்டர் ஒன்றாவது தொடர வேண்டும். ஒவ்வொரு செல்போன் கோபுரமும் மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத் தொலைத்தொடர்புத் துறை வெளியிட வேண்டும். தாம்பரம் மாநகராட்சி ஒவ்வொரு அக்டோபரிலும், மழை தொடங்கும் முன்பே, அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.